பி.கே. ரோசி: வேடமே குற்றமானபோது

மலையாளத்தின் முதல் திரைப்படம் ‘விகதகுமாரன்’. அது வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவேறாகக் குறிக்கப்படுகிறது. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் நடந்த முதல் காட்சியில், அதன் கதாநாயகிக்கே இடம் இருக்கவில்லை. சரோஜினி என்னும் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி, புலையர் சமூகத்தில் பிறந்த தலித் பெண். அவரைத் திரையில் கண்ட ஆதிக்கச் சாதியினர் கல்லெறிந்து திரையைக் கிழித்தனர். பின்னர் அவரது குடிசைக்கும் தீ வைத்தனர்.

ஒரு வேடத்திற்கு ஏன் இத்தனை வன்மம்? திருவிதாங்கூரில் உடையும் அணிகலனும் சாதியின் அடையாளச் சீட்டுகளாக இருந்தன. தோள்சீலை உரிமைக்காக நாடார் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது. சாதி விதித்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் அறுத்தெறிந்த பெரிநாட்டுப் போராட்டம் நடந்தது 1915இல். கோயில் நுழைவு அறிவிப்பு வந்ததோ 1936இல்தான். இந்த இடைக்காலத்தில், நாயர் பெண்ணின் ஆடையுடனும் நகையுடனும் ஒரு தலித் பெண் வெண்திரையில் தோன்றினார். பார்வையாளர்கள் அதை நடிப்பாகக் காணவில்லை. எல்லை மீறலாகவே கண்டனர்.

இன்னொரு முரணும் உண்டு. நடிப்பு இழிவென்று கருதப்பட்டதால், ‘குடும்பப் பெண்கள்’ அன்று திரைப்பக்கம் வரவில்லை. 1913இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் நாயகி வேடத்தையும் ஆணே ஏற்றார். காக்காரிசி நாடகத்தில் தேர்ந்த ரோசியின் உழைப்பு அதனால்தான் தேவைப்பட்டது. வேறு எவரும் செய்ய முன்வராத வேலையைச் செய்தவர், அதைச் செய்ததற்காகவே தண்டிக்கப்பட்டார்.

அவர் ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவிலை அடைந்ததாகவும், அதன் ஓட்டுநரை மணந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்ததாகவும் கூறப்படுகிறது. கணவர் நாயர் சமூகத்தவர் என்பர். அவ்வாறெனில், திரையில் குற்றமாக்கப்பட்ட அடையாளமே வாழ்க்கையில் அவருக்கு மறைவிடமாகியிருக்கிறது. அவர் மீண்டும் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ‘விகதகுமாரன்’ படச்சுருளும் இன்று இல்லை.

படத்தின் இயக்குநர் ஜே.சி. டேனியலும் வறுமையில்தான் 1975இல் மறைந்தார். ஆயினும் கேரள அரசு 1992இல் அவர் பெயரில் விருதை நிறுவியது. ரோசியின் வரலாற்றை மீட்டதில் குன்னுகுழி எஸ். மணி போன்றோரின் எழுத்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 2013இல் ‘செல்லுலாயிட்’ திரைப்படம் அவரைப் பரவலாக அறியச் செய்தது. ஆனால் அதில் அவர் அடங்கியொடுங்கிய பெண்ணாகவே காட்டப்பட்டார் என்று தலித் ஆய்வாளர்கள் விமர்சித்தனர். மலையாளத் திரைப்பெண்கள் 2019இல் தம் திரைப்படச் சங்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர். சென்னையில் நீலம் பண்பாட்டு மையமும் அவர் பெயரில் திரைவிழா நடத்துகிறது.

பெயர் மீண்டுவிட்டது, வாய்ப்பு மீளவில்லை. மலையாளத் திரையில் ஒரு தலித் பெண் இன்று நாயர் வேடத்தில் நடிக்க முடியுமா என்று ஆய்வாளர் ஜென்னி ரொவீனா போன்றோர் எழுப்பிய கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. ரோசிக்குச் செலுத்த வேண்டிய கடன் மாலைகளால் தீர்வதன்று; நடிகர் தேர்வு நடக்கும் அறையில்தான் அது தீரும்.