கிறித்தவ மறைஞானத்தில் இருளின் இருபொருள்

கிறித்தவச் சிந்தனையில் ஒளி இறைவனையும் இருள் பாவத்தையும் குறிக்கும் என்பது பொதுக்கருத்து. யோவான் நற்செய்தி இவ்வெதிர்நிலையை வலுவாக நிறுவுகிறது. யூதாசு விருந்தை விட்டு வெளியேறும் நேரத்தையும் அது இரவு எனக் குறித்துச் செல்கிறது.

எனினும், இருள் எங்கும் தீமையின் குறியீடாக நிற்பதில்லை. விடுதலைப் பயண நூலில் (20:21) மோசே, இறைவன் உறையும் காரிருளை அணுகுகிறார். 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நிசா கிரகோரியார் மோசேயின் வாழ்வை ஒளி, மேகம், இருள் என்னும் படிநிலைகளாக விளக்குகிறார். எரியும் முட்புதரில் ஒளியாகத் தொடங்கிய இறையனுபவம் இருளில் முதிர்கிறது. அவ்விருள் ஒளியின் இன்மையன்று. இறைவனை முற்றும் அறிய இயலாத மனித அறிவின் எல்லையாகும். 16ஆம் நூற்றாண்டின் எசுப்பானியத் துறவி சிலுவை யோவான், ஆன்மாவைத் தூய்மையாக்கும் இரவாக இதனை விரித்துரைத்தார்.

இவ்வேறுபாடு ஒப்பாய்வாளருக்கு இன்றியமையாதது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை இருள் என்கிறது. யோவான் நற்செய்தி கூறும் இருளை அதனோடு ஒருபுடை ஒப்பிடலாம். கிரகோரியாரின் இருளை ஒப்பிடுதல் பொருந்தாது. முன்னது உயிர் நீங்க வேண்டிய இருள். பின்னது உயிர் புக வேண்டிய இருள். சொல்லொப்புமை மட்டுமே பொருளொப்புமைக்குச் சான்றாகாது.