கடலோர நகரில் ஓர் இல்லம்

ஒவ்வோர் ஆண்டும் பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் தூத்துக்குடி நகரம் தன் மக்களைத் திரும்ப அழைத்துக்கொள்கிறது. சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. ஆகஸ்டு 5ஆம் நாள் பெருவிழா முடிந்து, 1713இல் எழுந்த அத்திருக்கோயிலின் முற்றம் அமைதியுற்ற பின்னும் சிலர் ஊர் திரும்புவதில்லை. காரணம் கேட்டால், "ஒரு மனை பார்க்கிறோம், சாமி" என்பார்கள்.

பிறந்த கரையில் சொந்த வீடு வேண்டும் என்பது நல்ல ஆசையே. பெருநகரைவிட இங்கே வாழ்க்கை நிதானமானது. கோயிலும் பள்ளியும் சந்தையும் அருகருகே உள்ளன. மாலையில் கடற்காற்று வாசலுக்கே வருகிறது. எனினும் அந்த ஆசையோடு விவேகமும் சேர வேண்டும் என்பதை நான் கற்றது ஓர் இரவில்.

ஒரு கோடைக்காலத்தில், புறநகர்ப் பகுதியில் ஒரு புது வீட்டை மந்திரிக்கச் சென்றேன். அயல்நாட்டில் பல்லாண்டு உழைத்த ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் இட்டுக் கட்டிய வீடு அது. அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபித்தோம். பின்பு 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெருமழை கொட்டிற்று. அண்டை ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இடுப்பளவு நீரில் நானும் பங்கு இளைஞரும் அவ்வீட்டை அடைந்தபோது, குடும்பம் முழுவதும் மாடியில் நின்றது. "நீங்க மந்திரிச்ச வீடுதானே, சாமி?" என்றார் வீட்டுக்காரர். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் என்னிடம் மறுமொழி இல்லை.

நீர் வடிந்த பிறகு, அருகில் குடியிருந்த மூதாட்டி ஒருவர் சொன்னார்: "இது தண்ணி போற பாதைல்லா சாமி. அந்தக் காலத்துல இங்க ஆடு மேய்க்கையில மழை வந்தா மேட்டுக்கு ஓடிருவோம்." பத்திரத்தில் யாதொரு பிழையும் இல்லை. ஆனால் பத்திரம் நிலத்துக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லும். நீருக்கு வழி எது என்பதைச் சொல்லாது. அந்த மூதாட்டியை எவரும் கேட்கவில்லை. மந்திரிக்கச் சென்ற நானும் கேட்கவில்லை.

ஆதலின், மனை பார்ப்போர் முதலில் நீரைப் பற்றி விசாரிக்க வேண்டும். கோடையில் பார்த்த நிலத்தை ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஒருமுறை பாருங்கள். ஓடையும் குளமும் எங்கே உள்ளன, வெள்ளம் எவ்வழியே கடலுக்குச் செல்லும் என்று முதியோரைக் கேளுங்கள். கிணற்று நீரை நாவில் இட்டுப் பாருங்கள். உவர்ப்பாயின், மாநகராட்சியின் குடிநீர் இணைப்பு அத்தெருவுக்கு வந்துள்ளதா என்று அறியுங்கள்.

அடுத்தது பத்திரம். மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி அறுபடாமல் வருகிறதா, பட்டா விற்பவர் பெயரில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் காட்டித் தெளியுங்கள். 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று எடுப்பது நன்று. கடலோர நிலத்துக்கு மற்றொரு சட்டமும் உண்டு. 1991இல் பிறந்து 2011இலும் 2019இலும் மாற்றி அமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஏற்றநீர் எட்டும் கோட்டிலிருந்து பொதுவாக 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்படுத்துகிறது. கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதியிலும், ஏற்கெனவே உள்ள சாலைக்கு அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்புறமாகவே வீடு எழுப்பலாம். "கடல் பார்த்த மனை" என்று ஆசை காட்டுவோரிடம் முதலில் இதைக் கேளுங்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்பதையும் கணக்கில் சேர்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.

மூன்றாவது உப்பு. இந்நகரின் உப்பளங்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அதே உப்பு வீட்டை உண்ணவும் செய்கிறது. காற்றிலும் நீரிலும் உள்ள உப்பு காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தளத்தைப் பிளக்கிறது. பழைய வீடு வாங்குவோர் தரையின் பளபளப்பைப் பாராமல் கூரையின் அடிப்புறத்தை நோக்குக. அங்கே துருக்கறையும் வெடிப்பும் உண்டா என்று காண்க. புதிதாகக் கட்டுவோர் கடல் மணலையும் உவர்நீரையும் தவிர்த்து, கம்பியின்மேல் போதிய கனத்துக்குக் காங்கிரீட்டு மூடுமாறு செய்க.

இன்னும் ஒன்றை நம் மனச்சான்று கேட்க வேண்டும். பாம்பன் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்து, கரைக்கு அரண்போல் நின்றன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் பயன்படுத்தினோம். அலையைத் தடுத்த பாறை போனபின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. நம் வீட்டுச் சுவருக்காக ஊரின் சுவரை இடித்தோம் அன்றோ? இன்றும் ஓடையை மேவி ஒருவர் வீடு கட்டினால், வெள்ளம் அடுத்தவர் அடுப்பங்கரையில் புகுகிறது. மீனவர் வலை உலர்த்தும் மணலை வேலியிட்டு மறித்தால், அவர்தம் பிழைப்பு அறுகிறது. அயலானை நேசிக்கக் கற்றவர்கள், மனை வாங்கும்போது அவ்வயலானை மறந்துவிடலாகாது.

பாறைமேல் கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் பற்றி நமதாண்டவர் உரைத்த உவமையை அனைவரும் அறிவோம். மழையும் வெள்ளமும் காற்றும் அவ்விருவர் வீட்டின்மீதும் ஒருங்கே மோதின. இருவரையும் வேறுபடுத்தியது அடித்தளம் ஒன்றே. தீர்த்தம் தெளிப்பது அடித்தளத்துக்கு மாற்றாகாது. ஆராய்ந்து, அயலாருக்குத் தீங்கின்றிக் கட்டிய வீட்டை இறைவனின் கையில் ஒப்படைப்பதே மந்திரிப்பு.

இப்போதெல்லாம் மனை வாங்க வருவோரிடம் நான் ஒன்றே சொல்கிறேன்: வீடு முடிந்தபின் என்னை அழைப்பது இருக்கட்டும், முன்பணம் கொடுக்குமுன் அத்தெருவின் மூத்த பாட்டியிடம் போய் உட்காருங்கள். அந்த வெள்ளத்தில் சிக்கிய குடும்பம் தன் வீட்டைவிட்டுப் போகவில்லை. வாசலை உயர்த்திக் கட்டி, அடைபட்ட வாய்க்காலை அண்டை வீட்டாரோடு சேர்ந்து தூர் வாரினர். மறுமுறை நான் அங்கே செபிக்கச் சென்றபோது, வீட்டுக்காரர் முதலில் என்னை அழைத்துச் சென்று காட்டியது அந்த வாய்க்காலைத்தான்.