நடுரோட்டில் நாற்காலி

2009 மே மாதப் பிற்பகுதியில் ஒரு வார இறுதி. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், 42ஆம் தெருவிலிருந்து 47ஆம் தெரு வரை பிராட்வே சாலையில் வண்டிகள் வருவதை மாநகராட்சி நிறுத்தியது. ஆரஞ்சு நிறப் பீப்பாய்களைக் குறுக்கே வைத்ததுதான் தாமதம், நடைபாதையில் முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம் மளமளவென்று தார்ச்சாலைக்குள் இறங்கிவிட்டது.

இறங்கியவர்கள் உட்கார வேண்டாமா? முறையான மேசை நாற்காலிகள் வந்துசேர இன்னும் நாளாகும். வட்டார வணிகர் அமைப்பான டைம்ஸ் ஸ்கொயர் அலையன்ஸின் தலைவர் டிம் டாம்ப்கின்ஸ், புரூக்ளினில் ஒரு ஹார்டுவேர் கடையில் சில நூறு மடக்கு நாற்காலிகளை வாங்கிப் போட்டார். ஒன்றின் விலை பத்து டாலர் சொச்சம். பிளாஸ்டிக் நாடாவால் பின்னி, கண்ணைப் பறிக்கும் நிறங்களில், கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகிற ரகம். உலகப் புகழ்பெற்ற சதுக்கத்துக்கு இதுவா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால், சாலையை மூடியது சரியா தவறா என்று பேசவேண்டிய ஊர் நாற்காலியின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

சாலையை மூடிய இந்த ஏற்பாடு வெறும் உட்காரும் வசதிக்காகச் செய்யப்பட்டதல்ல. மன்ஹாட்டனின் தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. அந்தக் கட்டம் போடப்படுவதற்கு முன்பே இருந்த பிராட்வே மட்டும் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. அது ஏழாவது அவென்யூவைச் சந்திக்கும் இடம்தான் டைம்ஸ் சதுக்கம். இரண்டு சாலைகள் சந்தித்தால் சிக்னல் நேரத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். இங்கோ குறுக்குத் தெருவும் சேர்ந்து மூன்று சாலைகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு எரியும் நேரம் சுருங்கிவிடும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் மூச்சுவிடும். அன்றைய போக்குவரத்து ஆணையர் ஜேனட் சாதிக்-கானின் கணக்கு இதுதான். இன்னொரு கணக்கும் இருந்தது. நாளொன்றுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேர் நடந்துபோகும் இடத்தில், நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வண்டிகளுக்கே விடப்பட்டிருந்தது. இது அநியாயம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சோதனை ஓட்டம் என்று சொல்லித்தான் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அனுமதி கொடுத்தார். சரிப்படவில்லை என்றால் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய்விடலாம். பெயின்டும் நாற்காலியும்தான் நஷ்டம். கோடிகளைக் கொட்டிக் கான்கிரீட் போட்டபின் யாருக்கும் அதைப் பெயர்த்தெடுக்கும் துணிவு வராது. டாக்சிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகளிலிருந்து பல மாதத் தரவுகள் திரட்டப்பட்டன. மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனின் மேற்குப் பகுதியில் வடக்கு நோக்கிச் சென்ற டாக்சிகளின் வேகம் 17 விழுக்காடு கூடியிருந்தது. தெற்கே போனவை ஓரளவு மெதுவாகின. போக்குவரத்து எதிர்பார்த்த அளவுக்குச் சீராகவில்லை என்பதும் உண்மை. ஆனால் நடப்பவர்கள் காயமடைவது 35 விழுக்காடும், வண்டிகளில் இருப்பவர்கள் காயமடைவது 63 விழுக்காடும் குறைந்திருந்தன. இந்த ஒன்று போதாதா? 2010 பிப்ரவரியில் ஏற்பாடு நிரந்தரமானது.

இதற்கும் முன்னோடி உண்டு. 2005இல் சான்பிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற வடிவமைப்புக் குழுவினர், ஒரு கார் நிற்கும் இடத்துக்கான மீட்டரில் காசு போட்டு, அங்கே புல்தரையை விரித்து, ஒரு பெஞ்சையும் மரத்தையும் வைத்தார்கள். இரண்டு மணி நேரம்தான். அதிலிருந்து பிறந்த ‘பார்க்லெட்’ என்ற சிறு திண்ணைகள் 2010 முதல் அந்நகரின் சாலையோரங்களில் வரத் தொடங்கின.

பணம் கொடுத்து எதையாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்றிருக்கும் நகரங்களில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் எங்கே போவார்கள்? இப்படிப்பட்ட இடங்கள் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஆனாலும் டைம்ஸ் சதுக்கத்தில் தொல்லைகள் இல்லாமலில்லை. வேடமிட்டுப் படமெடுத்துக் காசு கேட்பவர்களின் நச்சரிப்பு தாங்காமல், 2015இல் சாலையை மூடி உருவாக்கிய திடலையே பெயர்த்துவிடலாம் என்றார் காவல்துறைத் தலைவர் வில்லியம் பிராட்டன். வணிகர் அமைப்பே அதை எதிர்த்தது. மறு ஆண்டு தரையில் வண்ணம் பூசித் தனிக் கட்டங்கள் ஒதுக்கி, காசு கேட்பவர்கள் அவற்றுக்குள்தான் நிற்கலாம் என்று மாநகராட்சி விதித்தது. திடல் அப்படியே இருக்கிறது.