வைத்தியக் கல்விக்கு இரண்டாவது வாயில்

வைத்தியராதல் வேண்டும் என்னும் எண்ணம் எல்லோர்க்கும் 17 வயதிலேயே தோன்றிவிடுவதில்லை. தோன்றினும், இரசாயனமும் உயிரியலும் திறம்படக் கற்பிக்கும் பாடசாலை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. பிரித்தானியாவில் நெடுங்காலமாக, பாடசாலையை விட்டு நேரே வரும் மாணாக்கருக்கே வைத்தியக் கல்லூரிகளின் வாயில் பெரிதும் திறந்திருந்தது. இளமையில் எழுதிய ஒரு பரீட்சையின் பெறுபேறே ஒருவருடைய வாழ்நாள் தொழிலை நிருணயித்தது.

இந்நிலைக்கு ஒரு மாற்றாக வந்ததே பட்டதாரிப் பிரவேசம் என்னும் முறையாகும். சர்வகலாசாலையில் முன்னரே ஒரு பட்டம் பெற்றவர், 5 ஆண்டுகளுக்குரிய வைத்தியப் படிப்பை 4 ஆண்டுகளில் முடிப்பதற்கு இது வழிசெய்கின்றது. அமெரிக்காவில் பட்டம் பெற்ற பின்னரே வைத்தியம் பயிலுதல் பழைய வழக்கம். அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் சர்வகலாசாலை 1996ஆம் ஆண்டில் இம்முறையைக் கைக்கொண்டது. பிரித்தானியாவிலோ, வைத்தியர் தொகை போதாதெனக் கண்ட அரசாங்க ஆலோசனைக் குழு, ஆண்டுதோறும் சேர்க்கப்படும் மாணாக்கர் தொகையை ஏறக்குறைய 1,000 ஆல் கூட்டுதல் வேண்டுமென 1997இல் விதந்துரைத்தது. அதன் பின் ஏற்பட்ட விரிவின்போது, 2000ஆம் ஆண்டில், இலண்டனிலுள்ள சென் ஜோர்ஜ் வைத்தியக் கல்லூரி எத்துறைப் பட்டதாரியையும் ஏற்கும் படிப்பொன்றைத் தொடங்கியது.

விஞ்ஞானம் பயிலாத பட்டதாரியின் தகுதியை அறிவது எவ்வாறு? இதற்கென அவுஸ்திரேலியாவில் அமைக்கப்பட்ட தனிப் பரீட்சையொன்றைப் பிரித்தானியக் கல்லூரிகள் சிலவும் ஏற்றுக்கொண்டன. அதில் மூன்று பகுதிகள் உள. இலக்கியம், சமூகவியல் முதலிய துறைகளைச் சார்ந்த பந்திகளை வாசித்து ஆராய்தல் ஒன்று. கட்டுரை வரைதல் மற்றொன்று. விஞ்ஞான முறையில் நியாயித்தல் மூன்றாவது. ஆகவே சரித்திரம் பயின்றவரும், சட்டம் பயின்றவரும், தாதியாகப் பணியாற்றும் பட்டதாரியும் வைத்தியக் கல்வியை நாடுதல் இயல்வதாயிற்று.

இப்புதிய வாயிலால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையினராய் உள்ளே வருவர் எனப் பலர் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறிற்றா? 2002 முதல் 2006 வரை பிரித்தானிய வைத்தியக் கல்லூரிகளிற் சேர்ந்தோரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2011இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. மாணாக்கரின் சமூக, பொருளாதாரப் பின்னணியிற் பட்டதாரிப் பிரவேசம் குறிப்பிடத்தக்க மாற்றத்தை உண்டாக்கியதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

காரணத்தை ஊகித்தல் அரிதன்று. இரண்டாவது வாயிலை அடைவதற்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும். பாடசாலைப் பருவத்திலேயே பின்தங்கியவர் அப்பட்டத்தை அடைவதும் கடினமே. முதற் பட்டத்துக்காக வாங்கிய கடன் தீருமுன்னரே மறுபடியும் கடன்பட நேர்கின்றது. ஐந்தாண்டுப் பாடங்கள் நான்காண்டுக்குள் நெருக்கப்படுவதால், படிக்கும் காலத்தில் உழைத்துச் சம்பாதிக்கவும் நேரமில்லை. பெற்றோரின் பொருளுதவி உள்ளவரே இச்சுமையை எளிதிற் தாங்குவர்.

மேற்கூறிய ஆராய்ச்சி வேறொரு வழியையும் சுட்டிற்று. வசதி குறைந்தோரைக் கருதியே வகுக்கப்பட்ட ஆயத்தப் படிப்புகளில் அத்தகைய மாணாக்கரின் விகிதம் உயர்ந்திருந்தது. ஆயினும் அப்படிப்புகளில் இடங்கள் மிகச் சிலவே. இவ்வகையில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி 2001இல் தொடங்கிய ஆறாண்டுப் படிப்பு குறிப்பிடத்தக்கது. பின்தங்கிய பகுதிகளின் பாடசாலைகளிலிருந்து, சற்றுக் குறைந்த பெறுபேறு பெற்றவர்களும் இதற்கு எடுக்கப்பட்டனர். முதலாண்டுப் பாடங்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்பப்பட்டு, மேலதிகப் போதனையும் அளிக்கப்பட்டது. பிரவேசத் தகுதியே தளர்த்தப்பட்டது. இறுதியிற் பெறும் பட்டம் ஏனையோர் பெறும் அதே பட்டமே. ஒரு படிப்பு காலத்தைச் சுருக்கிற்று. மற்றையது காலத்தை நீட்டிற்று. வறிய மாணாக்கருக்கு உதவியது நீட்டப்பட்ட காலமே.

ஆயினும் ஆயத்தப் படிப்பும், விண்ணப்பிக்க முன்வருவோருக்கே பயன்படும். 2014இல் பிரித்தானிய வைத்தியக் கல்லூரிகளின் பேரவை வெளியிட்ட அறிக்கையின்படி, வைத்தியக் கல்விக்கு விண்ணப்பித்தோரில் 80 சதவீதத்தினர் நாட்டின் 20 சதவீதப் பாடசாலைகளிலிருந்தே வந்தனர். ஏறக்குறைய அரைவாசிப் பாடசாலைகளிலிருந்து மூன்று ஆண்டுகளாக ஒருவரேனும் விண்ணப்பிக்கவில்லை. வைத்தியத் தொழில் தமக்கும் உரியது என்னும் எண்ணமே அப்பிள்ளைகள் பலருக்கு எட்டவில்லை போலும்.

வாழ்க்கை அனுபவம் பெற்று, காலந்தாழ்ந்து வைத்தியத்தை நாடுவோருக்குப் பட்டதாரிப் பிரவேசம் நல்லதொரு வழி. அதன் பயனைக் குறைத்து மதித்தலாகாது. ஆனால் தாமதமாக வருபவர் வேறு, வழியே இல்லாதவர் வேறு. இவ்விருவர் தேவையையும் ஒரே வாயிலால் நிறைவேற்ற முடியாது. வழியில்லாதவருக்கு உதவி தொடங்கவேண்டிய இடம் கல்லூரி வாயிலன்று, அவர் பயிலும் பாடசாலையே.