எரிவாயுக் குழாயும் பொதுமக்கள் பணமும்

இன்று மாடி வீடுகள் நிறைந்த பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்ததை மூத்த பாட்டாளிகள் அறிவர். இப்போது அங்கே தெனாகா நேஷனல் மின்சார நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. தீபகற்பத்தின் மின்நிலையங்கள் பலவற்றுக்குத் திரெங்கானுக் கடலின் எரிவாயு குழாய் வழியே வருகிறது. 1974இல் அமைந்த பெட்ரோனாஸ் 1980களில் தொடங்கிக் கட்டங்கட்டமாக அக்குழாயை அமைத்தது.

கிழக்கு சபாவுக்கும் அத்தகைய குழாய் வேண்டுமென 2016இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. கிமானிஸிலிருந்து சண்டாக்கான், தாவாவ் வரை 662 கிலோமீட்டர்! மலாக்காவிலிருந்து கெடா வரை எண்ணெய்ப் பொருள்களுக்கு மற்றொரு குழாய். இரண்டுக்கும் சுமார் 940 கோடி ரிங்கிட். பெரும்பகுதி சீன வங்கிக் கடன்.

2018இல் புதிய அரசாங்கம் கணக்கை வெளியிட்டது. தொகையில் 88 விழுக்காடு கொடுக்கப்பட்டிருந்தது. முடிந்த வேலையோ சராசரி 13 விழுக்காடே. வேலையின் அளவுக்கன்றிக் காலக்கெடுவின்படி பணம் கொடுக்கப்பட்டதே காரணம். அவ்வாண்டே இரு திட்டங்களும் இரத்தாயின.

சபா மக்களுக்கு மின்சாரம் வேண்டாமா என்று சிலர் வினவினர். அவ்வினாவில் நியாயமுண்டு. ஆயினும், குழாய் தேவையா என்பது ஒரு வினா. பணத்தை எம்முறையில் கொடுப்பது என்பது மற்றொரு வினா. இரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது.

தோட்டத்தில் பாலை நிறுத்த பின்னரே கணக்கில் எழுதுகின்றனர். வெட்டாத மரத்துக்குக் கூலி கேட்பாரில்லை. அரசாங்கம் பட்ட கடனை அடைப்பது பொதுமக்கள் பணமே. அதில் நாம் செலுத்தும் வரியும் சேர்ந்திருக்கிறது. ஆதலால், செலவழிந்த பணத்துக்கு எவ்வளவு வேலை முடிந்தது என்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.