குறைந்த நீரில் நிறைந்த நெல்

உலக ஜனத்தொகை 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 800 கோடியை எட்டிற்று. ஐக்கிய நாடுகள் சபை 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2080-களின் நடுவில் இத்தொகை சுமார் 1,030 கோடிக்கு உயர்ந்து, அதன் பின்னரே மெல்லக் குறையத் தொடங்கும். உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அரிசியே முக்கிய உணவு. ஆகவே, இத்தனை பேருக்கும் சோறு கிடைக்குமா என்னும் கேள்வி, பெருமளவில் நெல் வயலைப் பற்றிய கேள்வியே ஆகும்.

விளைநிலத்தை இனிப் பெருக்குவது எளிதன்று. நீரோ நிலத்தினும் அரிதாகி வருகிறது. ஆறுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் மனிதர் எடுக்கும் நன்னீரில் 100-க்கு 70 பங்கு வேளாண்மைக்கே செலவாகிறது. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்ந்து, சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குள் செல்வதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர்.

முன்பு பஞ்சம் நம்மை அச்சுறுத்திய காலத்தில், விதையும் உரமும் நம்மைக் காத்தன. 1960-61-இல் தஞ்சை ஜில்லாவில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கப்பட்டது. 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை ரகத்தை வெளியிட்டது. ஆனால் அவ்விதையும் உரமும் பயன் தந்தது உரிய காலத்தில் நீர் கிடைத்ததனால்தான். இன்று அந்த உறுதி இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2024-இல் போதிய நீரின்மையால் அந்நாளில் திறக்க இயலவில்லை. ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. நீர் பொய்த்த ஆண்டில் விளைச்சல் குறைவதுடன், தவணை தவறிய பயிர்க்கடன்கள் பெருகுவதையும் சங்கப் பேரேடுகளைப் பார்வையிடும் நாம் காண்கிறோம்.

நெல்லுக்குத் தேங்கிய நீர் அவசியமா?

நெல் நீர்வாழ் தாவரம் அன்று. நீரைப் பொறுத்துக்கொள்ளும் தாவரம். அதன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றுக் குழல்கள் வழியே வேருக்குக் காற்று செல்வதால், சேற்றிலும் அது பிழைத்துக் கொள்கிறது. வயலில் நீரைத் தேக்குவதன் பெரும்பயன் களையை அடக்குவதே. தேக்கிய நீரில் ஒரு பகுதி கீழே ஊறியும், ஒரு பகுதி ஆவியாகியும் போகிறது. மேலும், காற்றுப்புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. பூமியின் வெப்பம் மிகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செம்மை நெல் சாகுபடி

மடகாஸ்கர் தீவில் குடியானவர்களோடு இருந்து உழைத்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லோலானியே, 1983-இல் ஒரு முறையைக் கண்டறிந்தார். நம் நாட்டில் அதுவே செம்மை நெல் சாகுபடி எனப்படுகிறது. அதன் விவரம் வருமாறு:

1. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் நிலம் போதும்.

2. 14 நாள் வயதுடைய இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட வேண்டும்.

3. நட்ட பத்தாம் நாள் முதல், பத்து நாளைக்கு ஒரு முறையாக நான்கு முறை, உருளும் களைக்கருவியை வரிசைகளுக்கிடையே குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். களை மண்ணுள் அமுங்கி எருவாகும். வேருக்குக் காற்று கிட்டும். தூர் மிகுதியாகக் கட்டும்.

4. கதிர் உருவாகும் பருவம் வரை, மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்ட பின்னரே 2.5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்ட வேண்டும்.

மடகாஸ்கரிலிருந்து வந்த மிகப் பெரிய விளைச்சல் கணக்குகளை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கவில்லை. நாமும் அவற்றை நம்பி இறங்க வேண்டியதில்லை. விளைச்சல் பழைய அளவிலேயே நின்றாலும், விதையும் நீரும் மிச்சமாவதே போதிய ஆதாயம்.

வயலில் ஒரு குழாய்

நடவு முறையை மாற்ற இயலாதவர்களுக்கும் வழி உண்டு. 30 செ.மீ. நீளமுள்ள குழாய்த் துண்டின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அப்பாதி மண்ணுள் இருக்குமாறு வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் தரைமட்டத்திற்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு, வயலில் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் வற்றலாகாது. இம்முறையால் பாசன நீரில் 100-க்கு 30 பங்கு வரை மிச்சமாகும். மீத்தேன் பாதியளவு வரை குறையும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது.

ஏன் பரவவில்லை?

இத்துணை நன்மை இருந்தும் எல்லா வயல்களிலும் இம்முறை ஏன் காணப்படவில்லை? குடியானவர் மீது அறியாமையைச் சுமத்துவது முறையன்று. அவர்கள் தரப்பில் தக்க காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, இளநாற்றைப் பிடுங்கிய உடனே நட வேண்டும். நடவாட்கள் உரிய நாளில் வந்தாக வேண்டும். இரண்டாவது, களைக்கருவி களிமண்ணில் தள்ளுவதற்குக் கடினம். மூன்றாவதே மிக முக்கியமானது. வாய்க்கால் பாசனத்தில் ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்கு நீர் வழிகிறது. மேல் வயற்காரர் நீரைத் தேக்கினால், கீழ் வயற்காரர் காயவிட நினைத்தாலும் இயலாது. அடுத்த முறை நீர் என்று வருமென அறியாதவர், வரும்போதே நிறையக் கட்டிவைப்பது இயல்பே. கிணற்றுப் பாசனத்திலும் மின்சாரம் இலவசமாதலால், நீரை மிச்சப்படுத்துபவருக்குப் பணம் மிச்சமாவதில்லை. அவர் விட்டுவைத்த நீரை அடுத்த கிணறு இழுத்துக்கொள்ளும்.

எனவே, நீரைச் சேமிப்பது தனியொருவரால் முடியும் காரியம் அன்று. ஒரு மடையில் பாயும் அனைவரும் இசைந்தால்தான் அது நிறைவேறும். நம் முன்னோர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டியை நியமித்து முறைவைத்துப் பாய்ச்சியதன் கருத்து இதுவே.

சங்கம் செய்யத்தக்கவை

களைக்கருவிகளையும் வரிசை போடும் கருவிகளையும் சங்கம் வாங்கிக் குறைந்த வாடகைக்கு அளிக்கலாம். அங்கத்தினர்களுக்குப் பொது நாற்றங்கால் அமைத்து, நடவு ஆட்களின் வரிசைக்கேற்ப நாள்விட்டு நாள் விதைக்கலாம். பயிர்க்கடன் நடவுக்குப் பின் கிடைத்தால் பயன் பாதியாகும். விதைப்புக்கு முன்னரே கிடைக்குமாறு மனுக்களைச் சேகரித்து முடிக்க வேண்டும். முதலாண்டில் கிராமம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல், ஒரே மடையில் பாயும் அங்கத்தினர்களைக் கூட்டி, நீர்முறையை எழுத்தில் வகுத்துக்கொள்வது நலம். அறுவடையில் அவர்களது விளைச்சலையும் செலவையும் பக்கத்து மடையின் கணக்கோடு ஒப்பிட்டு மகாசபையில் வாசிக்க வேண்டும். பிரசங்கத்தைவிட அக்கணக்கு அதிகம் பேசும்.

இது விவசாயிகளின் விஷயம் மட்டுமே என்று நெசவாளர் அங்கத்தினர்கள் எண்ணலாகாது. அரிசி விலை ஏறும்போது, நெய்த கூலியில் பெரும்பங்கு உலைக்கே போய்விடும். பாவின் இழைகள் எல்லாம் ஒரே இழுப்பில் நின்றாலன்றித் துணி சீராக அமையாது என்பதை அவர்கள் நன்கறிவர். மடையின் கதையும் அதுவே.

நாளைய சந்ததிக்குச் சோறு வேண்டுமாயின், இன்றைய நீரில் ஒரு பங்கை அவர்களுக்கு விட்டுவைத்தாக வேண்டும். எதிர்வரும் பருவத்திற்கு நாற்றுவிடுமுன், ஒவ்வொரு சங்கமும் ஒரு மடையையேனும் தேர்ந்தெடுத்து இம்முயற்சியைத் தொடங்கும் என நம்புகிறோம்.