கிணற்றடிக்கு வந்த செல்போன்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இரவு ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வருகிறது என்றால், அந்த நேரத்தில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியவர் விவசாயிதான். வழியில் பாம்பு கிடக்கலாம். மழை பெய்திருந்தால் ஸ்டார்ட்டர் பெட்டி ஈரமாக இருக்கும். போய்ச் சேர்ந்து பச்சைப் பொத்தானை அழுத்திய பத்தாவது நிமிடம் மின்சாரம் நின்றுவிட்டால், மறுபடி வரும்வரை மோட்டார் கொட்டகையிலேயே காத்திருக்க வேண்டும். பம்ப்செட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பழகிப்போன கஷ்டம்.

இந்தக் கஷ்டத்தைக் குறைக்கவே செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் கருவிகள் வந்துள்ளன. புனே நகரப் பொறியாளர் சந்தோஷ் ஒஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' என்ற கருவி, 2009-ல் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. அதன் பிறகு பல கம்பெனிகள் இத்தகைய பெட்டிகளைச் செய்து விற்கின்றன. ஒவ்வொன்றின் அமைப்பும் வேறு, விலையும் வேறு. எது சிறு விவசாயிக்கு ஏற்றது என்று தெரிந்து வாங்குவது நல்லது. சுருக்கமாகச் சொன்னால், செல்போன் வேலை செய்யாத நாளிலும் நம் கை வேலை செய்ய வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பெட்டியே நல்ல பெட்டி.

கருவி வேலை செய்யும் விதம்

ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் காந்தமாகி, மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் இணைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றதும் காந்தம் பிடியை விட்டுவிடும். மறுபடி மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. இது குறையன்று. ஆள் இல்லாத நேரத்தில் மோட்டார் திடீரென்று ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. இதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் போக வேண்டியிருக்கிறது.

செல்போன் பெட்டியில் ஒரு சிம் கார்டும் சில ரிலேக்களும் இருக்கும். ஒரு ரிலே பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், மற்றொன்று சிவப்புப் பொத்தானின் கம்பியோடு தொடராகவும் இணைக்கப்படும். நாம் செல்போனில் கட்டளை கொடுத்தால், நம் விரல் செய்யும் வேலையை இந்த ரிலேக்கள் செய்கின்றன. பழைய ஸ்டார்ட்டரும் அதன் பொத்தான்களும் அப்படியே இருக்கின்றன. பெட்டி பழுதானால், அதைக் கழற்றிவிட்டுப் பழையபடி கையால் இயக்கலாம்.

மூன்று விதப் பெட்டிகள்

முதல் வகை, மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும்; மறுபடி கொடுத்தால் நிற்கும். எளிமையானது, சாதாரண பட்டன் போனே போதும். ஆனால் ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரியாமல் அழைத்தால், ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிட நேரும்.

இரண்டாவது வகையில் அழைத்தால் குரல் பதில் கிடைக்கும். மோட்டாரை ஓட்ட ஓர் எண், நிறுத்த வேறோர் எண் என்று அழுத்த வேண்டும். மின்சாரம் வந்ததையும் நின்றதையும் தானே அழைத்தோ, குறுஞ்செய்தி அனுப்பியோ சொல்லும். எழுத்துப் படிக்காதவர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது வகைக்கு ஸ்மார்ட்போனும் செயலியும் வேண்டும். படமும் வண்ணமுமாக எல்லா விவரமும் திரையில் தெரியும். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கும் கிடைக்கும். பார்க்கக் கவர்ச்சியான வகை இதுதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

முதல் இரண்டு வகைகளில் நம் போனும் கிணற்றடிப் பெட்டியும் செல்போன் இணைப்பு வழியாக நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. மூன்றாவது வகை பலவற்றில், நம் கட்டளை முதலில் எங்கோ உள்ள கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்துதான் கிணற்றடிக்கு வருகிறது. அந்தக் கம்ப்யூட்டர் நின்றால் செயலியும் நின்றுவிடும்.

வெளிநாட்டில் நடந்தவை

இப்படி நடக்குமா என்று சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் செல்போனில் இயக்குவதற்காக 'ரிவால்வ்' என்ற பெட்டி விற்கப்பட்டது. விலை ஏறத்தாழ 300 டாலர். அந்தக் கம்பெனியை 2014-ல் வேறொரு கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம் பின்னணிக் கம்ப்யூட்டர் சேவையை நிறுத்திவிட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது.

2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' என்ற மற்றொரு கம்பெனியின் சேவையும் முன்னறிவிப்பின்றி நின்றது. செயலி வேலை செய்யவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் சுவர் சுவிட்சுகளைக் கையால் தட்டினால் விளக்கு எரிந்தது. சில வாரங்களுக்குப் பின் வாடிக்கையாளர்களில் சிலரே கம்பெனியை வாங்கிச் சேவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதுவரை வீடுகள் இருட்டில் கிடக்காததற்குக் காரணம் அந்தச் சாதாரண சுவிட்சுதான்.

பொத்தானின் அருமையைப் பெரிய இடங்களிலும் உணர்ந்துவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவோடு, கப்பலைச் செலுத்தும் தொடுதிரையில் ஏற்பட்ட குழப்பமும் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தக் கைப்பிடியையே திரும்பப் பொருத்தப்போவதாக 2019-ல் அந்நாட்டுக் கடற்படை அறிவித்தது. சேறு படிந்த ஈரக் கையோடு தொடுதிரையைத் தடவிப் பார்த்த விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தன் கையே தனக்கு உதவி.

மோட்டாரைக் காக்கும் ஏற்பாடுகள்

ஆள் அருகில் இல்லாமல் மோட்டார் ஓடும்போது அதைக் காப்பது பெட்டியின் பொறுப்பு. ஓடும்போது மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டால், மீதி இரண்டில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்சாரம் பாயும். சிறிது நேரத்தில் காயில் கருகிவிடும். ஒரு முனை போன உடனே மோட்டாரை நிறுத்தும் வசதி பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள தண்ணீர். கிணற்றில் தண்ணீர் இறங்கிய பிறகும் ஓடினால் மோட்டார் கெட்டுவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் குறைந்த ஆம்பியரே எடுக்கும். நல்ல பெட்டி அதை அளந்து தெரிந்துகொண்டு மோட்டாரை நிறுத்தும். 'மோட்டார் ஓடுகிறது' என்ற செய்தியும் அளந்து பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டும். கட்டளை கொடுத்தவுடன் ஓடுவதாகச் சொல்லிவிடும் பெட்டியை நம்பக் கூடாது.

சிம் கார்டு விஷயம்

சில பெட்டிகள் 2ஜி சிம் மட்டுமே ஏற்கும். ஜியோ சேவையில் 2ஜி கிடையாது. ஏர்டெல் 3ஜி சேவையை 2020-லேயே நிறுத்திவிட்டது. பழைய சேவைகள் ஒவ்வொன்றாக மறைந்துவருவதால், 4ஜி சிம் ஏற்கும் பெட்டியை வாங்குவதே நீடித்த பயன் தரும். கிணற்றடியில் எந்தக் கம்பெனியின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதை முதலில் நம் போனை எடுத்துப்போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ரீசார்ஜ் முடிந்துவிட்டால் பெட்டிக்கு அழைப்பு போகாது. இந்தச் செலவு ஆண்டுதோறும் வரும். விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இன்டர்நெட் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. மிஸ்டு கால், குரல் வகைப் பெட்டிகளுக்கு அதுவே போதும்.

பெட்டி நாம் பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டும். 1234 என்று தொழிற்சாலையில் வைத்த ரகசிய எண்ணை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். பிரிட்டனில் இப்படி எளிதில் ஊகிக்கக் கூடிய ரகசிய எண்ணோடு இணையக் கருவிகளை விற்பதே 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

பழுது பார்ப்பது யார்?

டிராக்டரில் கம்ப்யூட்டர் புகுந்த பின், கம்பெனி ஆள் வந்தால்தான் ரிப்பேர் என்ற நிலை அமெரிக்க விவசாயிகளைப் பெரிதும் வருத்தியது. அறுவடை நேரத்தில் காத்திருக்க முடியுமா? கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் இயற்றியது. உதிரிப் பாகங்கள், கருவிகள், விளக்கக் குறிப்புகள் ஆகியவற்றைக் கம்பெனிகள் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்ற அந்தச் சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று.

நமக்கு இதில் உள்ள பாடம் எளிது. பொருத்தும்போது உள்ளூர் எலக்ட்ரீஷியனையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற இணைப்புப் படத்தைக் கேட்டு வாங்கி, பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும்.

எச்சரிக்கை

மோட்டாரையோ ஸ்டார்ட்டரையோ தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் ஒருவர் பழுது பார்ப்பது தெரியாமல் வீட்டில் இருப்பவர் போனில் மோட்டாரை ஓட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும் 'ஆட்டோ' முறையிலும் இதே ஆபத்து உண்டு. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

செல்போன் மோட்டாரை ஓட்டும்; மடை மாற்றாது. வாய்க்கால் பாசனத்தில் வரப்பு உடைந்தால் அது பெட்டிக்குத் தெரியாது. ஆகையால் சொட்டு நீர்ப் பாசனம் போட்டவர்களுக்கும், தொட்டியில் நீர் நிரப்புவோருக்கும்தான் இக்கருவி முழுப் பயன் தரும். மற்றவர்களுக்கு ஒரு நடை மிச்சம், அவ்வளவே. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்றாலும் நிலத்தடி நீர் அளவோடுதான் இருக்கிறது. நேரம் குறித்து நிறுத்தும் வசதியைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

1. பெட்டி பழுதானால் பழைய பச்சைப் பொத்தானில் மோட்டார் ஓடுமா?
2. இன்டர்நெட் இல்லாமல், செயலி இல்லாமல் வேலை செய்யுமா?
3. ஒரு முனை போனாலும், தண்ணீர் வற்றினாலும் தானாக நிறுத்துமா?
4. 4ஜி சிம் ஏற்குமா? எந்தக் கம்பெனி சிம்மையும் போடலாமா?
5. உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? எத்தனை ஆண்டு உத்தரவாதம்?

முதல் கேள்விக்கு 'ஓடும்' என்ற பதில் வராவிட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். கூடுமானால் கடையிலேயே சிம்மைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்ல வேண்டும்.

இக்கருவிகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. இந்த ஆண்டு மானியம் உண்டா, எவ்வளவு, எந்தெந்தப் பெட்டிகளுக்கு என்பதைப் பணம் கட்டும் முன் அத்துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.